மறுப்பவரை முதலில் தேடுங்கள்: வாதக் கட்டுரையைத் திட்டமிடும் வழி

மழைநீர் சேகரிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம்மில் பலருக்கு முதல் வரியிலேயே வள்ளுவர் வந்துவிடுவார். அடுத்த பத்தியில் முன்னோர் வெட்டிய ஏரிகளும் குளங்களும், அதற்கடுத்து மனிதனின் பேராசை. கடைசியில் ‘மழைநீரைச் சேமிப்போம், மண்வளம் காப்போம்’ என்று ஒரு முழக்கம். பள்ளியில் இதற்கு நல்ல மதிப்பெண்ணே கிடைக்கும். ஆனால் இதைப் படித்து யாரும் மனம் மாறியதாகத் தெரியவில்லை. மாற வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் இதை மறுத்துப் பேச யாருமே கிடையாது.

படிப்பவரை ஒரு முடிவுக்கு இணங்க வைப்பதுதான் வாதக் கட்டுரையின் வேலை. ‘எனக்கு அப்படித் தோன்றவில்லையே’ என்று சொல்லக்கூடிய ஒருவர் எதிரே இருந்தால்தான் அதை எழுத முடியும். அந்த ஆள் யார், ஏன் மறுக்கிறார் என்று முதலில் குறித்துக்கொண்டால் எதை எடுப்பது, எதை விடுவது, எதை முன்னால் வைப்பது என்ற கேள்விகளில் பாதி தானாகவே அடங்கிவிடும். ‘முன்னுரை, பொருளுரை, முடிவுரை’ என்ற பள்ளிச் சட்டகம் தவறில்லை. அது பெட்டிகளைத் தரும், உள்ளே என்ன வைப்பது என்று சொல்லாது.

அதே மழைநீர்த் தலைப்பை எடுத்துக்கொண்டு, சென்னையை வைத்து, ஒரு கட்டுரையைக் கடைசி வரை திட்டமிட்டுப் பார்க்கலாம்.

படி 1: தலைப்பைக் கோரிக்கையாக மாற்றுங்கள்

‘மழைநீர் சேகரிப்பு’ என்பது வெறும் தலைப்பு. ‘மழைநீரைச் சேகரிக்க வேண்டும்’ என்பது ஒரு கருத்து, ஆனால் பழைய கருத்து. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. வேண்டுமா வேண்டாமா என்று இன்று வாதாடுவது தீர்ப்பு வந்த வழக்கில் மறுபடி வாதாடுவது போன்றது.

அப்படியானால் தகராறு எங்கே இருக்கிறது? ஏதாவதொரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய், மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். தரையில் ஒரு முழங்கை வளைவு இருக்கும். அது உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது கழற்றிய துண்டைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது கார் நிறுத்த இடம் வேண்டுமென்று குழியின் மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டியில் வண்டல் படிந்து, கையால் குத்தினாலும் இறங்காத அளவு இறுகியிருக்கும். கட்டட அனுமதிக் காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மழை பெய்யும்போது மட்டும் தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது.

இப்போது கோரிக்கை கிடைத்துவிட்டது: சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மழைநீர் சேகரிப்பு அமைப்பை ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாநகராட்சி ஆய்வு செய்ய வேண்டும்.

இந்த வரியில் யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பது இருக்கிறது. விவரம் தெரிந்த ஒருவர் நியாயமாகவே இதை மறுக்கலாம். ஆயிரம் சொற்களுக்குள் நிறுவியும் விடலாம். உங்கள் தலைப்பு எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு வரி கையில் வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்று அந்த வரி முடிந்தால் கோரிக்கை இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். வேறு எதுவும் தோன்றாதபோதுதான் நாம் விழிப்புணர்வைக் கூப்பிடுகிறோம்.

படி 2: யாரிடம் பேசுகிறீர்கள்?

இதே கோரிக்கையை மாநகராட்சி அதிகாரிக்கு எழுதினால் அவர் ஆள்பலத்தையும் அதிகாரத்தையும் பற்றிக் கேட்பார். குடியிருப்பு அசோசியேஷன் செயலாளர் செலவை யார் தலையில் கட்டுவது என்பார். நாளிதழ் வாசகருக்கு ‘இது என் பிரச்சினையா’ என்பதே முதல் கேள்வி. மூவருக்கும் ஒரே கட்டுரை பொருந்தாது, ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். மற்றவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கட்டும். நாம் அசோசியேஷன் செயலாளரை எடுத்துக்கொள்வோம். மூவரிலும் அதிகமாக முரண்டு பிடிப்பவர் அவர்தான்.

தேர்வுக்கு எழுதுபவர்களுக்குத் திருத்துபவரே வாசகர். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள், மொத்தம் 250 மதிப்பெண். ஒரு கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. அதில் இருபது நிமிடத்தை இந்தத் திட்டத்துக்கு ஒதுக்குவது வீணே அல்ல. திருத்துபவர் உங்கள் கருத்தோடு உடன்பட வேண்டியதில்லை. எதிர்க்கருத்தை நீங்கள் எதிர்கொண்டீர்களா என்று பார்ப்பார்.

படி 3: எதிர்வாதங்களை அவர் குரலிலேயே எழுதுங்கள்

பலரும் தங்கள் காரணங்களை முதலில் பட்டியலிடுவார்கள். எதிர்வாதம் கடைசியில், நேரமிருந்தால், ஒரு வரி. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஒரு தாளில் எதிராளி பேசுவதைப் போலவே எழுதுங்கள், நீங்கள் மறுக்க வசதியான பலவீனமான வடிவத்தில் அல்ல. செயலாளர் இப்படிச் சொல்வார்:

‘சார், குப்பை எடுக்கவே ஆள் இல்லை, குழி பார்க்க எங்கிருந்து வருவார்கள்?’

‘ஆய்வு என்று ஒருத்தர் வந்தால் அவருக்குக் கையில் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். அதற்குத்தான் இந்தச் சட்டமா?’

‘எங்கள் பகுதி முழுக்கக் களிமண். குழி தோண்டினால் தண்ணீர் இறங்காது, தேங்கித்தான் நிற்கும்.’

‘பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மொட்டை மாடி. அதில் என்ன பெரிதாகத் தண்ணீர் வந்துவிடப் போகிறது?’

நான்குமே நல்ல கேள்விகள். இவற்றோடு மூன்று விதமாக நடந்துகொள்ளலாம்: ஒப்புக்கொள்வது, மறுப்பது, உங்கள் கோரிக்கையையே திருத்திக்கொள்வது. மூன்றாவதைத்தான் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள், ஆனால் மிகுந்த பலன் தருவது அதுதான்.

லஞ்சம் பற்றிய கேள்வியைப் பாருங்கள். ‘எல்லா அதிகாரிகளும் அப்படி இல்லை’ என்று பதில் சொன்னால் செயலாளர் சிரிப்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கோரிக்கையை மாற்றினால்? அசோசியேஷனே செப்டம்பருக்குள் வடிகட்டியைச் சுத்தம் செய்து, குழாய், தொட்டி, குழி மூன்றையும் தேதியோடு படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும். மாநகராட்சி அவற்றில் சிலவற்றை மட்டும் குலுக்கல் முறையில் எடுத்து நேரில் சரிபார்க்க வேண்டும். முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். இப்போது லஞ்சக் கேள்வியின் கூர் மழுங்கிவிட்டது, ஆள்பலக் கேள்வியும் பாதி தீர்ந்துவிட்டது. எதிராளி உங்கள் கட்டுரையைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்.

களிமண் கேள்வியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே வகைக் குழி சரிவராது. களிமண் அடுக்கைத் தாண்டி ஆழமாக இறங்கும் துளை சில இடங்களில் தேவைப்படும். சில இடங்களில் மொட்டை மாடித் தண்ணீரை வடிகட்டி நேராகச் சம்ப்பில் விடுவதே புத்திசாலித்தனம். ‘அமைப்பு எதுவானாலும் அது வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி’ என்று ஒரு வரியில் கோரிக்கையை அகலப்படுத்திக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில் (மதம் என்றால் இங்கே கொள்கை) ஒன்று ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’. அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதை நீக்குவது. பட்டிமன்ற மேடையில் நடப்பது வேறு. அங்கே எதிரணியின் ஒரு சொல்லைப் பிடித்துக் கைதட்டல் வாங்கினால் போதும், அடுத்த பேச்சாளர் எழுந்துவிடுவார். கட்டுரை படிப்பவரோ பின்னோக்கிப் போய் ‘நான் கேட்டதற்கு இது பதிலா’ என்று பார்க்க முடியும்.

படி 4: சான்றுகளைத் தேடும்போது கணக்குப் போடுங்கள்

கடைசிக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது: என்ன பெரிதாகத் தண்ணீர் வந்துவிடும்? இதற்கு உணர்ச்சியால் பதில் சொல்ல முடியாது, எண் வேண்டும். நிபுணர் சொன்னதைவிட வாசகர் தானே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குக்குப் பலம் அதிகம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 3,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 279 சதுர மீட்டர். பெருக்கினால் 3 லட்சத்து 90 ஆயிரம் லிட்டர். அழுக்கோடு வரும் முதல் மழை, ஆவியாவது, சிதறுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் 26 லோடு.

லாரிக்குப் பணம் கொடுக்கும் செயலாளர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். இங்கே நிறுத்தாதீர்கள், உங்கள் எண்ணை நீங்களே சோதித்துவிடுங்கள். பன்னிரண்டு வீட்டில் 48 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் தினம் 6,480 லிட்டர். அப்படிப் பார்த்தால் அந்த மழைநீர் முழுவதும் 48 நாளைக்குத்தான் வரும். மேலும், மண்ணுக்குள் விட்ட தண்ணீர் அத்தனையும் உங்கள் போர்வெல்லிலேயே ஊறும் என்றும் சொல்ல முடியாது. இதைக் கட்டுரையில் மறைக்காமல் எழுதுங்கள். ‘மழைநீரே தீர்வு’ என்று மிகைப்படுத்தினால் ஒரு கால்குலேட்டர் உங்களைக் கவிழ்த்துவிடும். ‘ஒன்றரை மாதத் தண்ணீரைத் தெருவில் விடுகிறோம்’ என்று சொன்னால் அதை அசைக்க முடியாது.

இன்னொரு சான்று 2019 கோடையில் இருக்கிறது. சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நம் கணக்கோடு வைத்துப் பாருங்கள்: 3,000 சதுர அடியுள்ள எட்டு மொட்டை மாடிகளில் ஓராண்டு விழும் மழையில் வீணாவதைக் கழித்து மிஞ்சுவது ஏறத்தாழ அந்த ஒரு ரயில். இப்படித் தற்செயலாகப் பொருந்தி வரும் இணை கிடைத்தால் விடாதீர்கள், கட்டுரையின் மையத்தில் வையுங்கள்.

கிடைத்த எல்லாச் சான்றையும் போட வேண்டியதில்லை. சிலவற்றைச் சந்தேகப்படவும் வேண்டும். ‘2003 சட்டத்துக்குப் பிறகு சென்னையில் நிலத்தடி நீர் உயர்ந்தது’ என்று பல இடங்களில் படிக்கலாம். உயர்ந்தது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் 2005-ல் சென்னையில் பெருமழை கொட்டியது. உயர்வில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுத்தால், விவரம் தெரிந்த வாசகர் அந்த வரியிலேயே உங்களைவிட்டுப் போய்விடுவார். ‘அதற்குப் பிறகு நடந்தது’ வேறு, ‘அதனால் நடந்தது’ வேறு.

ஒப்புமையையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். ‘ஆட்டோவுக்கு எஃப்.சி. உண்டு, லிஃப்டுக்கு உரிமம் உண்டு, மழைநீர்க் குழிக்கு மட்டும் ஆய்வு கிடையாதா?’ என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டி அலுவலகத்தைத் தேடிப் போகிறது. குழி நகராது, ஆள்தான் வர வேண்டும். லிஃப்டோடு நிறுத்திக்கொண்டால் ஒப்புமை நிற்கும், ஏனென்றால் லிஃப்டும் கட்டடத்துக்குள்ளேயே இருப்பது.

படி 5: வரிசை

இதுவரை சேர்த்ததையெல்லாம் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்புங்கள். போனில் குறிப்பெடுப்பவர்கள் ஒரு தடவையாவது காகிதத்தில் செய்து பாருங்கள், நகர்த்திப் பார்க்கும் வசதி திரையில் வராது. அடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான்: இந்த இடத்தில் நிற்கும் செயலாளர் அடுத்து என்ன கேட்பார்?

நம் கட்டுரைக்கு எனக்குப் பொருத்தமாகப்படும் வரிசை இது. 2015 டிசம்பரில் வெள்ளம், 2019 ஜூனில் வறட்சி. நான்கு ஆண்டுகூட இடைவெளி இல்லாத இந்த இரண்டையும் அருகருகே வைத்துத் தொடக்கம். சட்டம் 2003-லேயே இருக்கிறது என்ற செய்தி. அப்படியிருந்தும் தண்ணீர் ஏன் ஓடுகிறது என்பதற்குக் கழன்ற குழாயும் டைல்ஸும். உடனே ‘என்ன பெரிதாக வந்துவிடும்’ என்ற கேள்வியும் 26 லாரிக் கணக்கும். அதன் பிறகே கோரிக்கை. கோரிக்கையைத் தொடர்ந்து லஞ்சம், ஆள்பலம், களிமண். கடைசியில் செயலாளர் இந்த மாதமே செய்யக்கூடியது என்ன என்பது.

கோரிக்கை நடுவில் வருகிறது, கவனித்தீர்களா? முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. தேர்வுத் தாளுக்கு அது நல்ல விதி, திருத்துபவருக்கு நேரமில்லை. ஆனால் முரண்டு பிடிக்கும் வாசகரிடம் ‘உங்கள் வீட்டுக்கு ஆய்வு வர வேண்டும்’ என்று ஆரம்பித்தால் அவர் அங்கேயே மூடிவிடுவார். முதலில் இழப்பைப் பார்க்கட்டும். ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவருக்கு எழுதினால் தயங்காமல் முதல் வரியிலேயே போடுங்கள்.

காரணங்கள் பல இருந்தால் இரண்டாவது பலமான காரணம் முன்னால், மிகப் பலமானது கடைசியில். நோஞ்சானை நடுவில் ஒளித்துவைப்பது பலருடைய பழக்கம். நான் வெட்டிவிடுவேன். பலவீனமான காரணம் ஒன்று சேர்ந்தால் எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு பலமான இரண்டையும் மறந்துவிடுவார்.

ஆயிரம் சொல் என்றால் தொடக்கத்துக்கு நூறு, பின்னணிக்கு நூற்றைம்பது, காரணங்களுக்கும் சான்றுக்கும் நானூற்றைம்பது, எதிர்வாதங்களுக்கு இருநூறு, முடிவுக்கு நூறு. முன்பின் ஆகலாம். பின்னணி முந்நூறைத் தாண்டினால் மட்டும் உஷாராகுங்கள். சங்ககாலத்திலிருந்து தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

படி 6: பத்திக்கு ஒரு வேலை

ஒவ்வொரு பத்தியும் வாசகரின் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எழுதும்முன் அந்தக் கேள்வியை ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். இப்படி எழுதுவோரை அடிக்கடி பார்க்கலாம்:

‘மழைநீர் சேகரிப்பு மிகவும் முக்கியமானது. இதனால் நிலத்தடி நீர் உயரும். சுற்றுச்சூழல் பாதுகாக்கப்படும். வருங்காலச் சந்ததியினர் பயன்பெறுவர். எனவே அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்.’

ஐந்து வாக்கியம், ஐந்து கருத்து, சான்று எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் படிப்பவர் ‘ஆமாம், ஆமாம்’ என்று தாண்டிப் போவார். ஒரே கேள்வியை எடுத்தால் இப்படி மாறும்:

‘ஒரு மொட்டை மாடியில் என்ன கிடைத்துவிடும் என்று கேட்கலாம். 3,000 சதுர அடியில் ஓராண்டு விழும் மழையில் வீணாவதைக் கழித்தாலும் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் மிஞ்சும். 26 லாரித் தண்ணீர். இது ஆண்டு முழுக்கப் போதாதுதான். ஆனால் கோடையில் நாம் லாரிக்குக் காத்திருக்கும் வாரங்களை எண்ணிப் பாருங்கள். அந்த வாரங்களுக்கான தண்ணீர் நவம்பரில் நம் வாசல் வழியாகவே கடலுக்குப் போயிருக்கிறது.’

கேள்வி, சான்று, ஒப்புதல், பிறகு அது வாசகரின் வாழ்க்கையில் எங்கே படுகிறது என்பது. எல்லாப் பத்தியையும் இதே அச்சில் வார்க்க வேண்டாம், படிப்பவருக்குச் சலிப்புத் தட்டும்.

பத்திகளை இணைக்க ‘மேலும்’, ‘அதுமட்டுமின்றி’ இரண்டும் தயாராக வந்து நிற்கும். அவை வரும் இடத்தில் நீங்கள் பட்டியல் போடுகிறீர்கள், வாதம் நகரவில்லை. ‘அப்படியானால்’, ‘ஆனாலும்’, ‘இதை ஏற்றுக்கொண்டாலும்’ போன்றவை தாமாக வந்து விழுந்தால் வரிசை சரியாக இருக்கிறது.

படி 7: தொடக்கமும் முடிவும் கடைசியில்

நடுப்பகுதி முடியாமல் தொடக்கத்தை எழுத உட்கார்ந்தால் ‘இன்றைய நவீன உலகில்’ என்றுதான் வரும். எல்லாம் எழுதிய பிறகு, எந்தச் சான்று உங்களையே வியக்க வைத்ததோ அதை எடுத்து முதலில் வைக்க முடியுமா என்று பாருங்கள். குறளோடு தொடங்குவதில் குற்றமில்லை. ஆனால் திருத்துபவர் கையில் இருக்கும் விடைத்தாள் கட்டில் அதே குறள் எத்தனை தாள்களில் இருக்கும் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

முடிவில் சொன்னதையே சுருக்கித் திரும்பச் சொல்ல வேண்டாம். வாசகர் அடுத்து செய்ய வேண்டிய ஒரு காரியத்தைச் சொல்லுங்கள், அது அவர் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். செயலாளரிடம் மாநகராட்சிக் கொள்கையை மாற்றச் சொல்ல முடியாது. அடுத்த பொதுக்குழுவில் வடிகட்டியைத் திறந்து பார்க்கத் தேதி குறிக்கச் சொல்லலாம்.

படி 8: சரிபார்ப்பு

முடித்த கட்டுரையில் ஒவ்வொரு பத்தியையும் ஒரே வரியாகச் சுருக்கித் தனித்தாளில் எழுதுங்கள். அந்த வரிகளை மட்டும் படித்தால் வாதம் புரிகிறதா? இரண்டு வரிகள் ஒன்றையே சொன்னால் ஒரு பத்தி போக வேண்டும். ஒரு வரியையும் எழுத முடியாத பத்தியும் போக வேண்டும், அதில் எவ்வளவு அழகான நடை இருந்தாலும். பிறகு ‘மிகவும்’, ‘நிச்சயமாக’, ‘என்பதில் ஐயமில்லை’ என்ற மூன்றையும் தேடிப் பிடியுங்கள். சான்று போதாத இடத்தில்தான் இவை உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக, உங்கள் கருத்தை ஏற்காத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நண்பர்கள் ‘நல்லா எழுதியிருக்கீங்க’ என்பார்கள், அதை வைத்து எதையும் திருத்த முடியாது. ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காமல், ‘எந்த வரியில் உங்களுக்கு நம்பிக்கை போச்சு?’ என்று கேளுங்கள். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுத் தரச் சொல்லி, திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.